காலி சீட்டு ஆகாது

எங்கள் கார் சின்னக் கார். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஷோரூமில் நின்றதிலேயே விலை குறைந்ததைத்தான் என் வீட்டுக்காரர் ஆரோக்கியசெல்வம் கைகாட்டினார். கதவைச் சாத்தினால் தகர டப்பாவை மூடுகிற சத்தம் வரும். டிக்கியில் ஒரு சூட்கேஸ் வைத்தால் அடுத்த சூட்கேஸுக்கு யாராவது மடி கொடுக்க வேண்டும். ஆடி மாதம் தேனி ரோட்டில் போனால் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் சந்துக்குள் நுழைந்து, ஒரே ஒடிப்பில் திரும்புகிற கார் அது ஒன்றுதான். லிட்டருக்கு இருபதுக்குக் குறைந்து கொடுத்ததில்லை. நாலு வருடத்தில் பஞ்சரைத் தவிர வேறு எதற்கும் வழியில் நின்றதில்லை. என் கொழுந்தன் ஜான் பீட்டரின் ஏழு சீட்டு வண்டி எங்கள் சந்தைப் பார்த்ததே கிடையாது. அதைக் கோயில் மைதானத்தில் நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நடந்து வருவார். நடந்தே வந்து என் காரைக் கேலி பண்ணுவார்.

"என்ன மதினி, தண்ணி கிண்ணி ஊத்துறீகளா? வளருமா?"

காரை வாங்கியது என் வீட்டுக்காரர்; ஓட்டுவது நான். அவருக்குத் திராட்சைத் தோட்டமும் மோட்டார் பைக்கும் போதும்.

போன மே மாதம் எனக்கு ஒரு வேலை வந்தது. கம்பம் மெட்டு மலை ஏறி, கேரள செக்போஸ்ட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். இயற்பியல் டீச்சர். பி.எட். முடித்துப் பதினோரு வருடமாக அந்தச் சான்றிதழ் பீரோவில் சேலைக்கு அடியில் படுத்திருந்தது. காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் இரண்டாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேர முடியும். ஏலத்தோட்ட ஜீப்புகள் விடியுமுன்னே ஆளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடும். காரில் போனால்தான் வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள்.

"அந்த வண்டி மெட்டு ஏறாது மெர்லின்," என்றார் என் வீட்டுக்காரர். "தினமும் நீ மேல போயிட்டு வர்ற வரைக்கும் நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

"ஏறும்."

"நாலு வருசமா கம்பம், தேனின்னு தரையிலதான ஓட்டிருக்க? கொண்டை ஊசி வளைவுல ஓட்டிருக்கியா?"

ஜான் பீட்டர் நாட்டாமை பண்ண வந்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஓட்டிப் பாப்போம். ஏறிருச்சுன்னா வேலைக்குப் போங்க. ஏறலைன்னா அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சரியா மதினி?"

"சரி," என்றேன். யோசிக்கவே இல்லை. அந்தக் கார்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கார் காலியாகப் போகக்கூடாது. நாலு சக்கரம் நகர்ந்தால் நாலு பேர் உள்ளே இருக்க வேண்டும்; "சும்மாதான போகுது" என்று ஒரு குரல் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். சீட்டைக் காலியாக விட்டுப் போகிறவளை நன்றி கெட்டவள் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. நானேதான் கூப்பிட்டேன். அதுதான் என் புத்தி. கார் மலை ஏறுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற திமிர்.

முன் சீட்டில் ஜான் பீட்டர். ஆள் தொண்ணூறு கிலோ. பின்னால் என் வீட்டுக்காரரும் என் மாமியார் செபஸ்தியம்மாளும். சந்து முனையில் பக்கத்து வீட்டு அன்னத்தாயக்கா நின்றார். மகளை மெட்டில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

"அக்கா, மேலதான் போறோம். ஏறுங்க," என்றேன்.

"இரு ஆத்தா, ஒரு எட்டு வந்துர்றேன்," என்று வீட்டுக்குள் ஓடியவர், ஒரு கூடை திராட்சையும் பதினைந்து தேங்காயுமாக வந்தார். டிக்கி நிறைந்தது. மிச்சத் தேங்காய் என் மாமியாரின் காலடிக்குப் போனது.

மலையடிவாரம் தாண்டியதும் ஜான் பீட்டர் வேர்க்கிறது என்று ஏசியைத் திருகினார். ஏற்றத்தில் இந்த வண்டிக்கு ஏசி ஆகாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

முதல் வளைவுகளை ஏறியது. முனகிக்கொண்டே ஏறியது. இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு வந்தேன். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு வழிவிட முன்னால் போன ஜீப் நின்றது. நானும் நிற்க வேண்டியதாயிற்று.

பஸ் போனது. ஜீப் கிளம்பியது. நான் கிளம்பவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உறுமியது, நகரவில்லை. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. எஞ்சின் அணைந்து, கார் ஒரு முழம் பின்னால் நழுவியது. "மாதாவே!" என்றார் என் மாமியார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். ஜான் பீட்டர் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார்.

மறுபடி முயன்றேன். மறுபடியும் அணைந்தது.

"பாரம் சாஸ்தி," என்றேன்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்," என்று ஜன்னலில் குனிந்து சிரித்தார் ஜான் பீட்டர்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். "போதும் மெர்லின். பாத்தாச்சு. வண்டியத் திருப்பு, கீழ போவோம்."

கேலியைத் தாங்கிவிடலாம். அந்த மெதுவான குரலைத்தான் தாங்க முடியவில்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது, அது குரலிலேயே தெரிந்தது. பதினோரு வருடம் கழித்துக் கதவு வரை வந்த வேலை இந்த வளைவில் போகப் போகிறது. திருப்புவதற்காகப் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். அதில் ரோடே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தலை, மாமியார் தலை, அன்னத்தாயக்கா தலை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதலில் என்மேல்தான் வந்தது.

ஏசியை அணைத்தேன்.

"எல்லாரும் இறங்குங்க."

"என்னது?" என்றார் என் மாமியார்.

"இறங்குங்க அத்தை. தேங்காயையும் எடுத்துக்கங்க. அக்கா, நீங்களுந்தான்."

"இதெல்லாம் கள்ளாட்டம் மதினி!" என்று கத்தினார் ஜான் பீட்டர். "ஆள இறக்கிவிட்டுட்டு ஏறுனா அது ஏறுன கணக்கா?"

"தினமும் காலையில ஸ்கூலுக்கு உங்களையெல்லாம் கூட்டிக்கிட்டா போகப் போறேன்? நான் ஒருத்திதான போகப் போறேன்?"

முதல் ஆளாக இறங்கியவர் என் வீட்டுக்காரர்தான். தேங்காய் ரோட்டோரம் போனது. அன்னத்தாயக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பின்னால் வந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி, கூடை தேங்காய் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டேன். கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கார் கிளம்பியது. அடுத்த வளைவில் இரண்டாவது கியருக்கே மாற்றினேன். நாலு வளைவு தாண்டி அன்னத்தாயக்கா போன ஜீப்பையே முந்தினேன். ஜன்னலைக் கையால் சுற்றி இறக்கிவிட்டுக் குளிர்ந்த காற்றில் ஓட்டினேன். இந்த நாலு வருடத்தில் அந்தக் காரில் நான் தனியாக உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அதன் பலம் எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மெட்டில் நிற்கவில்லை. செக்போஸ்ட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். காவலாளி வெளியே வந்தார்.

"இன்னு அவதியாணு," என்றார் மலையாளத்தில், இன்றைக்கு லீவு என்று.

"தெரியும். ஜூன்லருந்து வருவேன். பிசிக்ஸ் டீச்சர்."

"ஆ, டீச்சரா!" என்று கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஒரு சுற்று சுற்றித் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வளைவில் மூன்று பேரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றிக்கொண்டேன். இறக்கத்தில் நாலு பேரோடும் வண்டி பூப்போல இறங்கியது. பாதி வழியில் ஜான் பீட்டர் வாயைத் திறந்தார்.

"ஏறிருச்சு மதினி. நாளப்பின்ன எனக்கும் மேல சோலி இருக்கும். காலையில போறப்ப என்னையும் ஏத்திக்கங்க. சும்மாதான போகும்?"

"சும்மா போகாது கொழுந்தனாரே. நான் போவேன். இறங்குறப்ப யாரு வந்தாலும் ஏத்திக்கிறேன். ஏறுறப்ப நான் மட்டுந்தான்."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். "எனக்கும் அதேதானா?"

"உங்களுக்குந்தான்."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க. கீழே கம்பம் தெரிந்தது.