பன்னிரண்டாம் நம்பர்

பூசணிக்கும் எனக்கும் ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் உருகுவதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அவன் பேக்கரிக்காரர் மகன், உருண்டையாக இருப்பான். நான் தையல்காரி மகன், ஒல்லி. அதனால் என் பெயர் ஊசி. சிறுவர் பாடகர் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தும், உச்சத்துக்குப் போகிற தொண்டை எங்கள் இரண்டு பேருக்குத்தான். நான் இருமினால் அவனுக்குச் சந்தோஷம். அவனுக்குச் சளி பிடித்தால் எனக்குக் கொண்டாட்டம்.

தனிப்பாட்டு வருஷத்துக்கு ஒன்றுதான். மூன்று வருஷமும் அதை நானே தட்டிக்கொண்டு போனேன். பூசணி என்னைவிட நன்றாகப் பாடுவான், யாரும் கவனிக்காவிட்டால். ஒருவர் காதைக் கொடுத்தால் போதும், அவன் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வரும். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் ஒன்றும் நல்ல பிள்ளை இல்லை.

பதின்மூன்று வயதில் எனக்கு மகரக்கட்டு உடைந்தது. குளித்துவிட்டு, "அம்மா, துண்டு எங்கே?" என்று கேட்டேன். அக்கா ஓடிவந்து, "யாருடா உள்ள? தவளையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் உடைந்தவனுக்குக் குழுவில் இடமில்லை. அன்றைக்கே குழுவின் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கணக்கில் நான் மக்கு. பந்தாட்டத்தில் என்னை ஒருவனும் சேர்க்க மாட்டான். பாட்டும் போனால் என்னிடம் மிச்சம் எலும்புதான்.

அந்த வாரமே தனிப்பாட்டுக்கான வருஷத் தேர்வு. "ஆளைப் பார்த்துப் போடுறீங்க" என்று ஒரு பையனின் அப்பா சண்டைக்கு வந்ததிலிருந்து, எங்கள் மாஸ்டர் ஆளையே பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துப் போட்ட பியானோவில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஆளுக்கொரு நம்பர்ச் சீட்டு. உள்ளே போனோமா, பேசாமல் பாடினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

பூசணிக்குப் பதினொன்று, எனக்குப் பன்னிரண்டு. மற்றவர்கள் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். வராந்தாவில் நாங்கள் மட்டும்தான்.

"என்னடா, பேசவே மாட்டேங்குற?" என்றான் பூசணி.

"ஒண்ணுமில்ல" என்றேன். தவளை கத்தியது.

அவன் வாயைப் பிளந்தான். சந்தோஷத்தில் குதிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பவாடா உடையணும்? நீ போயிட்டா நான் யாரைடா ஜெயிக்கிறது?"

"நான் என்ன வேணும்னா உடைச்சேன்?"

"வாய மூடு. நான் பாடி முடிச்சதும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

பதினொன்றாக அவன் பாடியதைக் கதவோரம் நின்று கேட்டேன். வழக்கம்போல நடுங்கினான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் பாதியில் இறங்கிவிட்டான். "அடுத்து" என்றார் மாஸ்டர், சுவரிடம். நான் நுழைந்து கதவைச் சாத்தினேன். பூசணி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அப்படியே பன்னிரண்டாம் நம்பராகப் பாட ஆரம்பித்தான்.

அடப்பாவி! என்னைத் தோற்கடிப்பதற்காக மூன்று வருஷம் என்னையே மனப்பாடம் செய்திருக்கிறான். நான் மூச்சு வாங்குகிற இடம், நான் இழுக்கிற இழுப்பு, எல்லாம் அப்படியே வந்தன. பயம் மட்டும் வரவில்லை. சொதப்பினால் போவது என் மானம்தானே?

மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது: தனிப்பாட்டு, பன்னிரண்டு.

பூசணி என்னைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையைப் பிடித்தான்.

"உன்னைக் காப்பாத்தலாம்னு பாடினேன். என்னை நானே தோக்கடிச்சுட்டேனேடா!"

"யார் உன்னை அவ்வளவு நல்லாப் பாடச் சொன்னது? கொஞ்சம் மட்டமாப் பாடித் தொலைச்சிருக்கலாம்ல?"

அறைந்தான். நானும் அறைந்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிப்பு மட்டும் நடுவிலே அழுகையாக மாறியது.

அன்று மாலை அம்மா என் கழுத்தை அளந்தாள். குழுவுக்கு உடுப்பு தைப்பவள் அவள்தான். தனிப்பாட்டுக்காரனுக்கு மட்டும் வெள்ளைக் காலர்.

"தொண்டை கட்டியிருக்கே, கச்சேரிக்குள்ள சரியாயிடுமாடா?" என்றாள், குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி.

"சரியாயிடும்மா."

அவள் மும்முரமாக நூல் கோத்தாள். எனக்குக் கூசியது. பாட்டு அவனுடையது, காலர் மட்டும் எனக்கா?

அடுத்த ஒத்திகையில் எழுந்து, பாடியது பூசணிதான் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன். குரல் உடைந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, முதல் வார்த்தையிலேயே தவளை காட்டிக்கொடுத்துவிட்டது. மாஸ்டர் கால் மணி நேரம் கத்தினார்.

"என் முதுகுக்குப் பின்னாடியே ரெண்டு பேரும் கூத்தடிச்சிருக்கீங்க! பாடினவனுக்குத்தான் காலர். ஊசி, நீ கோட்டைக் கழட்டு. கச்சேரியில எனக்குப் பியானோ நோட்டுல பக்கம் திருப்பிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

கச்சேரி அன்று அரங்கில் ஐந்நூறு தலைகள். மேடைக்குப் பின்னால் அம்மா பூசணிக்குக் காலர் மாட்டினாள். என் கழுத்துக்குத் தைத்தது அவனுக்கு எட்டுமா? பின்னால் இரண்டு ஊக்கு குத்தி ஒப்பேற்றினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"முடியாதுடா. எல்லாரும் என்னையே பாப்பாங்க."

தூக்கிப்போட மனசு வராமல் அந்தப் பன்னிரண்டாம் நம்பர்ச் சீட்டை நான் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"நீ பாட வேண்டாம். பன்னிரண்டாம் நம்பர் பாடட்டும். சொதப்பினா என் மானம்தானே போகும், உனக்கென்ன?"

அவன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினான்.

பாடினான். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினான். நான் போகிற உச்சத்துக்குப் போய், நான் ஒருநாளும் போகாத இடத்துக்கும் போனான். பக்கம் திருப்ப மறந்து நின்றேன். மாஸ்டர் காலால் உதைத்தார். உதைத்துக்கொள்ளட்டும். எனக்கு வயிறு எரிந்தது, கண்ணும் எரிந்தது, ஆனாலும் பாட்டு முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது.

கைதட்டல் ஓயும் முன்பே பூசணி ஓடிவந்தான். ஓர் ஊக்கு தெறித்துப்போய்க் காலர் தோளில் தொங்கியது. வியர்வையில் ஊறிய சீட்டை என் கையில் வைத்தான்.

"இன்னைக்கு ரொம்ப நல்லாப் பாடினடா, ஊசி."

"தெரியும்" என்றேன், தவளைக் குரலில்.