சிங்கராயன் கதைக்கு முடிவு

காசிலிங்கம் பகலில் கண்டக்டர், சாயங்காலம் கொலைகாரன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பது பிழைப்பு; வீட்டுக்கு வந்து பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் மர்ம நாவல் எழுதுவது ஆசை. மெட்ராஸில் ஒரு பதிப்பாளர் அவற்றை மாத நாவலாகப் போட்டார். ஒரே நிபந்தனை: கதையில் எத்தனை அக்கிரமம் நடந்தாலும், கடைசிப் பக்கத்தில் வில்லன் கையில் விலங்கு விழுந்தாக வேண்டும்.

அவன் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் மனைவி தங்கத்தாய்தான் நல்ல தாளில் படியெடுப்பாள். பத்தாவது படித்தவள், முத்து முத்தான கையெழுத்து. ஆறு நாவல்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. கதாநாயகன் வந்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். வில்லன் வந்தால் பேனா பறக்கும்.

"இந்தப் பாவிப்பய ஏன் இப்படிச் செய்யுதான்னு ஒருத்தியாவது கேட்டாளா?" என்பாள்.

"ஏளா, அவன் மூணு பேரக் கொன்னவன்."

"கொன்னவந்தான். நா இல்லேங்கல. ஏன்னுதான் கேக்கேன்."

வாசகிகளின் கடிதங்களும் இதே பாட்டைத்தான் பாடின. நல்லவன் ஒருத்தன் கல் மாதிரி நிற்க, எல்லோரும் வில்லனுக்கே உருகினார்கள். இது என்ன கூத்து என்று காசிலிங்கம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். அந்த யோசனையில்தான் 1994 பங்குனியில் ஏழாவது நாவலைத் தொடங்கினான்.

யோசனை என்று சொல்வது பாதிப் பொய். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை மனைவியிடம் கேட்டுப் பார்க்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் எதையும் கண்டக்டர் கையில்தான் கொடுத்து அனுப்புவார்கள். மருந்து, முருங்கைக்காய், ஜாதகம். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், தங்கத்தாயின் அப்பா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர் ஒன்றைக் கொடுத்தார். தச்சநல்லூரில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தவரின் மகனுக்கு அவள் ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வரலாம் என்ற பதில் அது என்று அவரே சொன்னார். அதை வாங்கிப் போகக் கடை ஆள் ஜங்ஷனுக்கு வருவார். காசிலிங்கமோ ஒரு வருஷமாக அந்தப் பெண்ணை பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ் அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது, ஜன்னல் வழியே கவரைத் தாமிரபரணியில் விட்டான். கடை ஆளிடம் "ஒண்ணும் வரலையே அண்ணாச்சி" என்றான். ஒரு வாரம் தினமும் அதையே சொன்னான்.

நாலு மாசம் கழித்துப் பெண் கேட்டு ஆள் விட்டான். அவள் அப்பா உடனே சம்மதித்தார். ஆனால் "தச்சநல்லூர்க்காரன் எம் பிள்ளைய மதிக்கலியே" என்று சாகும்வரை புலம்பினார். மாப்பிள்ளையாக உட்கார்ந்து அதைக் கேட்பதுதான் காசிலிங்கத்தை அறுத்தது.

நாவலில் கண்டக்டர் கிடையாது. சிங்கராயன் என்றொரு தோணிக்காரன். மரகதத்தின் கல்யாணக் கடுதாசியை ஆற்றில் போடுகிறான், அதை மறைக்க ஒரு கொலையும் செய்கிறான். உண்மை தெரிந்ததும் மரகதம் அவன் முகத்தில் காறித் துப்பிப் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறாள்.

படியெடுக்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடுதாசி ஆற்றில் விழும் பக்கம் வந்தது. "ரீபில் தீந்துட்டு, நாளைக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தை மட்டும் மூன்று நாள் தொடவில்லை. எப்போது முடிப்பாய் என்று கேட்டால் "பைய எழுதலாம்" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயந்தான்.

நாலாம் நாள் காலையில் சணல் கயிற்றில் கட்டிய தாள்களைக் கையில் கொடுத்தாள். அம்பாசமுத்திரத்தில் பஸ் நின்றதும் பிரித்துப் பார்த்தான். கடைசி அத்தியாயம் அவன் எழுதியது இல்லை. மரகதம் அதில் துப்பவில்லை. சிங்கராயன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்: "நீ ஆற்றில் விட்டது முதல் கடுதாசி. பதில் இல்லையே என்று மாப்பிள்ளை வீட்டார் தபாலில் இன்னொன்று போட்டார்கள். அப்பா வயலுக்குப் போயிருந்தார். நான்தான் வாங்கினேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்."

அன்றைக்கு வீரவநல்லூர் கேட்டவருக்குப் பத்தமடை டிக்கெட் கொடுத்து வசவு வாங்கினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, இது கதையா?"

"உங்களுது கதன்னா இதுவும் கததான்."

அவன் தோல்பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தான். "தெரிஞ்சே ஏன் எனக்குக் கழுத்த நீட்டுனே?"

"ஒரு வாரமா ஒண்ணும் வரலன்னு கண்டக்டர் சொல்லுதாருன்னு அந்தத் தபால்ல எழுதியிருந்தாவ. எங்கிட்ட ஒத்த வார்த்த பேசப் பயப்படுதவன், இம்புட்டுப் பெரிய களவாணித்தனம் செய்யுதானே, அடுத்து என்ன செய்வான்னு பாக்கணும்னு இருந்துச்சு. நாலு மாசம் காத்துக் கெடந்தேன். பிடிச்சிருந்துச்சு, வேற என்ன?"

"அப்பா?" என்றான்.

கீரையை ஆய்ந்த கை நின்றது. "அவிய தச்சநல்லூர்க்காரங்கள வையும்போதெல்லாம் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வரும். சொல்லல. அந்தப் பாவம் உங்களுக்கு மட்டுமில்ல" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

காசிலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அப்படி இருப்பதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது. "பதிப்பாளர் ஒத்துக்கிட மாட்டாரே. கடைசியில வெலங்கு மாட்டணும்பாரே" என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாட்டட்டும். ரெண்டு சோடியா மாட்டச் சொல்லுங்க."