அவுத்தமூட்டை

ஆலங்குடியில் அந்தத் தெருவுக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டுச் சங்கதியை வெளியே கொட்டுகிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும். வைத்துவிட்டு, மிச்சக் கதையையும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும். பெயர் வைப்பது திலகவதியின் இலாகா. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பஸ்ஸில் விரித்துக் காட்டிய டீச்சர் ‘ரிப்போர்ட்டுராணி’. மருமகளோடு போட்ட சண்டையை வாட்ஸ்அப்பில் ஏற்றிய அழகுமலை ‘ஸ்டேட்டஸ்சாமி’. தன்னோடு முந்திரி உடைக்கும் செவந்திக்கு அவள் வைத்தது ‘அவுத்தமூட்டை’. முடிச்சு என்ற ஒன்றே செவந்தியிடம் கிடையாதாம்.

பொய்யில்லை. புருஷன் உடையப்பன் துபாயிலிருந்து போனில் அழுதது, அவள் கர்ப்பப்பையை எடுத்தது எல்லாம் முந்திரிக் கொட்டகைக்கு மனப்பாடம். மகள் சரண்யாவுக்குப் பத்தாவது படிக்கையில் வலிப்பு வந்ததையும் அவளேதான் சொன்னாள். சரண்யாவுக்கு அதில்தான் வருத்தம். புதுக்கோட்டையில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். இன்றைக்கும் மாத்திரையை அடுப்படிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் விழுங்குவாள்.

விராலிமலையிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குள் கால்வைக்கும் முன் தெருவில் நாலு வீட்டில் விசாரிப்பது வழக்கம். திலகவதி ஓடி வந்தாள்.

“இந்தாடி, அன்னைக்கு ஒரு நா மட்டும் வாய மூடிக்க. விசாரிக்க வாரவங்கள நாங்க பாத்துக்கிறோம்.”

“மாத்திரை போடுறத எப்புடிக்கா மறைக்கிறது?”

“கல்யாணம் முடியட்டும். பெறகு அவ பாடு, அவ புருசன் பாடு.”

செவந்தி மகளைப் பார்த்தாள். சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவுக்காகத்தான் செவந்தி சரி என்றாள்.

தெரு தயாரானது. “தங்கமான புள்ள, ஒரு தலைவலி காய்ச்சல்னு படுத்ததில்ல.” ஏழு வீட்டுக்கும் திலகவதி கொடுத்த பாடம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் வந்தார். ஏழு வீடும் ஏறி இறங்கிவிட்டுச் செவந்தி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை வாங்கினார், குடிக்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க. புள்ள கொணம் எப்புடின்னுதான் கேட்டேன். ஏழு பேரும் தலைவலி காய்ச்சல் இல்லைங்கிறாங்க. ஒடம்பப் பத்தி நான் கேக்கவே இல்லியே?”

உதவிக்கென்று அடுப்படியில் நின்ற திலகவதி நாக்கைக் கடித்துக்கொண்டு, செவந்திக்குக் கண்ணைக் காட்டினாள். செவந்திக்கோ காலையிலிருந்து அடைத்துவைத்த வாய்.

“அவளுக்கு வலிப்பு இருக்குங்க. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒண்ணு. கடைசியா வந்து நாலு வருசமாச்சு. கல்யாணம் பண்ணலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு, இந்தாங்க சீட்டு. என்னக்கா, அங்கிட்டு நின்னு கண்ணக் காட்டுறீங்க? நாளைக்கு எம்புள்ள அங்க விழுந்தா, என்ன ஏதுன்னு தெரியாம அவங்க சாவியக் கையில திணிச்சிக்கிட்டு நிக்கவா? புடிச்சா இதோட கட்டுங்க. இல்லைன்னா காபி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

அந்த அம்மா காபியைக் குடித்தார். “சொல்லி அனுப்புறோம்” என்றார். புதன்கிழமை போன் வந்தது: ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் பொருந்திய பிறகுதான் விசாரிக்கவே வந்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

மறுநாள் கொட்டகையில் திலகவதி புதுப்பெயரோடு காத்திருந்தாள். “வாடி, வரன்வெரட்டி!”

“இருந்துட்டுப் போகுது. ஒங்களுக்கும் நான் ஒண்ணு வச்சிருக்கேன்க்கா. கேட்டுமுழுங்கி! ஊரு சங்கதி இம்புட்டையும் கேட்டீங்களே, ஒங்க வீட்டுலேருந்து ஒரு பொட்டு வெளிய வந்துருக்கா?”

கொட்டகை சிரித்தது. திலகவதியின் முகம் வறுத்த முந்திரித்தோடாகக் கறுத்தது. ஆனால் செவந்தியின் கைதான் முழுசாக எடுக்க வேண்டிய பருப்பை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரண்யா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸைவிட்டு இறங்கிய சரண்யா, வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்தாள். “பாவம் புள்ள...” என்று திலகவதி இழுத்தாள். சரண்யா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் திறந்து மாத்திரையை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க, பெரியம்மா. வலிப்பு மாத்திரை போடணும்.”

திலகவதி செம்பை நீட்டினாள். அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தபடி சரண்யா விழுங்கினாள்.

“எனக்கும் ஒரு பேரு யோசிச்சு வைங்க” என்றவள், அம்மா பக்கம் திரும்பினாள். “அடுத்த ஆளு வந்தா வாசல்லயே சொல்லிரும்மா. காபித்தூளாச்சும் மிஞ்சும்.”