தோடி என்று எழுதியிருந்தது

முதலில் சந்தேகம் வந்தது தோடியால்.

என் அகத்துக்காரர் கேசவமூர்த்திக்கு அறுபத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூட இல்லை. இசைத்தட்டு சேர்ப்பார், கச்சேரிக்குப் போவார், கிரிக்கெட் பார்ப்பார். இந்தப் பைத்தியமெல்லாம் ஆளைக் கெடுக்காது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். சும்மா என்றால் என் வழக்கப்படி சும்மா. நாளுக்கு நாலு வார்த்தை சுருக்கென்று சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பங்கஜவல்லி வாயில் விழுந்தவன் மீண்டதில்லை என்று எங்கள் குடும்பத்திலேயே சொல்வார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கச்சேரிக்கு என்று அவர் ஒரு நோட்டு வைத்திருப்பார். என்ன பாட்டு, என்ன ராகம், ஆலாபனை எத்தனை நிமிஷம், பக்கவாத்தியம் எப்படி, கடைசியில் ஒரு வரி அபிப்பிராயம். பாடுகிறவர் வாயைத் திறந்து இரண்டு ஸ்வரம் போவதற்குள் இவர் பேனா ராகத்தின் பெயரை எழுதிவிடும். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பி, "என்ன ராகம் சார்?" என்று கேட்பார்கள். இவர் பெரிய மனசு பண்ணிச் சொல்வார். வித்வானுக்குக் கிடைத்த கைதட்டலைவிட அதில் இவருக்கு ஆனந்தம் அதிகம்.

ஆவணி மாதம் எங்கள் பேட்டை விநாயகர் பந்தலில் ஒரு பெண்மணியின் கச்சேரி. எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. இவர் போய்விட்டு வந்து, காலை அலம்பிக்கொண்டு, சாத்தமுது சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நோட்டு மேஜையில் கிடந்தது. புரட்டினேன். "பிரதான ராகம் தோடி. ஆலாபனை இருபத்தைந்து நிமிஷம். அமோகம்" என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் மாடி வீட்டு ஸம்யுக்தா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வீணை சொல்லிக்கொடுக்கிறவள். அவளும் கச்சேரிக்குப் போயிருந்தாள்.

"நேத்து தோடி அமோகமாமேடி?" என்றேன்.

"தோடியா? இல்லை மாமி. வாசல்ல குடுத்த பேப்பர்ல தோடின்னுதான் அச்சடிச்சிருந்தா. தொண்டை சரியில்லைன்னு சொல்லிட்டு பைரவிக்கு மாத்திண்டுட்டா. ஆனா சக்கத்தா, ரொம்ப ஜோரா இருந்தது!"

கறிவேப்பிலையை அவள் கையில் திணித்து அனுப்பினேன். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தோடி வேறு, பைரவி வேறு என்று சொல்கிற மனுஷன். அவர் தப்பாக எழுதுவாரா? வாசலில் பேப்பரை வாங்கிக்கொண்டு வேறு எங்கேயோ போயிருக்கிறார். திரும்பி வந்து பேப்பரைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார். மூன்று மணி நேரம். எங்கே போனார்?

நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் திருடனை "திருடினாயா" என்று கேட்பவள் அசடு. நான் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எத்தனை கண்ணில் படுகிறது, எம்பெருமானே! சமையலறையிலிருந்து நான் ஒன்று கேட்டால் பதில் வருவதில்லை. முன்பெல்லாம் "ம்ம்" என்றாவது வரும். நான் கூடத்துக்குப் போய் எதிரில் நின்றால் மட்டும் திடுக்கிட்டு நிமிர்வார், என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை இப்போது என்ன பார்வை? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டும் நின்றுபோனது. நாலு மணிக்கு நான் காப்பி கலந்துகொண்டு வருவேன். அவர் ஒரு தட்டை உறையிலிருந்து உருவி, ஓரத்தை மட்டும் விரலால் பிடித்து, என் பழைய நூல்புடவைக் கிழிசலால் துடைத்து வைப்பார். ஒரு பக்கம் முடியும்வரை இருவரும் பேசமாட்டோம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இருபது நிமிஷம் வாரத்தில் அது ஒன்றுதான். நான் மொச்சை உரிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் இப்போது போடுவதில்லை என்று கேட்டால், "முள் தேஞ்சு போச்சு" என்றார். புது முள் வாங்க அவருக்கு என்ன கேடு?

ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது பார்க்கிறேன், நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் தட்டுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. பாதிக்குப் பாதி காணோம்.

"ஏன்னா, தட்டெல்லாம் எங்கே?"

"மஞ்சுநாத் கேட்டான். கேட்டுட்டுத் தரேன்னான்."

மஞ்சுநாத் மார்க்கெட் பக்கத்தில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருப்பவன். அவன் கேட்டானாம், இவர் கொடுத்தாராம்! சொந்த அக்கா பிள்ளை ஸ்ரீகர் ஒரே ஒரு தட்டைக் கேட்டதற்கு, ஒரு வாய் காப்பியை மட்டும் கொடுத்து வழியனுப்பிய மனுஷன் இவர். நான் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். அவன் கன்னடத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நான் கேக்கவே இல்லம்மா. சாரே ஆட்டோல கொண்டுவந்து வெச்சுட்டு, இனிமே எனக்கு வேண்டாம்னு போயிட்டார்."

இனிமே எனக்கு வேண்டாம். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன்தானே சாமான்களை ஒழிப்பான்?

ஐப்பசியில் எங்கள் ஊர் யூனிவர்சிட்டி இருக்கிற மானசகங்கோத்ரி மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் வந்தது. சனிக்கிழமை ஆரம்பம், நாலு நாள். டிக்கெட் கிடையாது. புளியோதரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். கச்சேரியும் தட்டும் வேண்டாம், கிரிக்கெட் மட்டும் வேண்டுமோ? அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இவர் கிளம்பிப் போன பிறகு பால் வாங்கப் போனேன். பால் பூத் சித்தையன் ஹனூர்ப் பக்கத்துக்காரன்.

"ஐயா இன்னிக்கும் மேட்சுக்குங்களா?" என்றான்.

"நேத்தும்தான் போனார்."

"நேத்தா? நேத்து ஆட்டமே இல்லீங்களே அம்மா. ராத்திரி பேஞ்ச மழைல கிரவுண்டு பூரா தண்ணிங்க. பத்து மணிக்கே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நானும் போயிட்டு வந்துட்டனுங்க."

நேற்று இவர் ஐந்து மணிக்குத்தான் வந்தார். புளியோதரை டப்பாவைக் காலியாகத்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, நேற்றைய சட்டையை ஊறப்போட எடுத்தேன். பையில் ஒரு சீட்டு. "வைஷாலி. திங்கள் 11.30." கீழே ஒரு போன் நம்பர். எழுத்து அவருடையது அல்ல. உருண்டை உருண்டையாக, ஒரு பெண்ணின் எழுத்து.

போன் போட்டேன். "ஹலோ, ஹேளி" என்று கன்னடத்தில் ஒரு இளம் குரல். சிரித்த குரல். நான் வைத்துவிட்டேன். நானாவது பேச்சற்றுப் போவதாவது! ஆனால் அப்படித்தான் போனேன். அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. பெட்டியை இறக்கி நாலு புடவையை எடுத்து வைத்தேன். இது மட்டும் நிஜமானால் பெங்களூரில் பெண் ஸஞ்சனா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை. ஆனால் போவதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், கேட்கவும் வேண்டும். அதற்குத்தானே வாய் வைத்திருக்கிறேன்?

ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனேன். படிக்கட்டில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள், என்னவர் மாதிரி நரைத்த தலைகள். மரத்தடி ஓரமாக மேல் படியில் இவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கமாக வந்தேன்.

தனியாகத்தான் இருந்தார். ஆனால் காதில் என்னமோ மாட்டியிருந்தது. உதடு அசைந்தது. சிரிப்பு வேறு! பேரன் பேத்தி எடுக்கிற வயதில், பட்டப்பகலில், ஊரார் நடுவில், காதில் போனை மாட்டிக்கொண்டு அவளோடு கொஞ்சல்!

முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. நாலே எட்டில் ஏறி, அவர் காதிலிருந்ததைப் பிடுங்கினேன். வெளிறின பழுப்பு நிறத்தில், புளியங்கொட்டை அளவு, கண்ணாடி மாதிரி ஒரு குழாய் தொங்கியது.

"யாருன்னா அவ? யார் அந்த வைஷாலி? ஆத்துல ஒருத்தி இருக்கறது மறந்து போச்சா?"

அவர் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. என் உதட்டையே பார்த்தார்.

"பங்கஜம், மெதுவா சொல்லு. என்னைப் பாத்துண்டு சொல்லு."

"வை-ஷா-லி!"

அவர் என் கையைக் காட்டினார். "அது போன் இல்லை. காது மெஷின். வைஷாலி அதைச் சரிபண்ணிக் குடுக்கற பொண்ணு. இதோ, மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கற காது ஆஸ்பத்திரிலதான் வேலை. நம்ம ஸஞ்சனாவைவிடச் சின்னவ. நேத்து ஆட்டம் இல்லை. அவ வரச் சொல்லியிருந்தா, நாள் பூரா டெஸ்ட் பண்ணினா."

"அப்ப யாரோட பேசிண்டிருந்தேள்?"

இதற்கும் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "யாரோட பேசறது? ஓவரை எண்ணிண்டிருந்தேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏதோ தப்புக்குக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி தானாகவே சொல்லிக்கொண்டு போனார்.

"ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. பந்தல்ல மிருதங்கம் மட்டும் இடிக்கறது. பாட்டு எங்கயோ கெணத்துக்குள்ள. தோடியா பைரவியான்னு தெரியலை. எனக்கு! பக்கத்துல ஒருத்தர் என்ன ராகம்னு கேட்டார். பேப்பரைப் பாத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அன்னிக்கு மூணு மணி நேரமும் அங்கதான் உக்காந்திருந்தேன், பங்கஜம்."

"தட்டு?"

"மெஷின் போட்டுண்டு கேட்டா தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு. அதெல்லாம் எனக்கு மனசுல நன்னா இருக்கு. இப்படிக் கேட்டு அதையும் கெடுத்துக்கணுமா? குடுத்துட்டேன். கிரிக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகலை. பந்து மட்டையில படற சத்தம் இதுல ஜோரா கேக்கறது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றேன். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "நான் என்ன, அன்னியமா?"

அவர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். பந்துவீச்சாளன் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

"ஸ்ரீகர் கல்யாணத்துல எங்கக்கா மெஷின் மாட்டிண்டு வந்தா. ஞாபகம் இருக்கா? அந்தக் காலத்து மெஷின், பெரிசா இருக்கும். நீ பந்தியில சொன்னே, 'நாத்தனார் காதுல ரேடியோ வெச்சிண்டிருக்கார், ஸ்டேஷன்தான் அகப்படலை'ன்னு. எல்லாரும் சிரிச்சா. நானும்தான் சிரிச்சேன். அக்கா அன்னிக்குக் கழட்டினவ அப்பறம் மாட்டிக்கவே இல்லை. மூணு வருஷம் யாரோடயும் பேச்சுவார்த்தை இல்லாம மூலையில உக்காந்திருந்து, போயிட்டா."

எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் சொன்ன மாதிரி அல்ல. நல்ல வேடிக்கைப் பேச்சாக ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று கல்யாணங்களில் நானே அதை எடுத்துச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"கெரெ ஏரியைச் சுத்தி நடக்கறப்போ போட்டுப்பேன். இங்க போட்டுப்பேன்" என்றார். "நம்மாத்து கேட்டண்டை வந்ததும் கழட்டிப் பையில போட்டுண்டுடுவேன்."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னார். ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நாத்தனாரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சிரிப்புக்கு நடுவில் அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்திருக்கிறார்.

தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்கோ" என்றேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொல்லாத வார்த்தை. வாயைவிட்டு வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"என்ன சொன்னே?" என்றார். கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

மெஷின் என் உள்ளங்கையில்தான் இருந்தது. "ஒண்ணுமில்லை, ஆத்துக்குப் போலாம்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பந்துவீச்சாளன் ஓடி வரப்போகிறான் என்று மைதானம் முழுக்க அமைதியாக இருந்தது. நான் நிமிர்ந்து, அவர் முகத்துக்கு நேராக, தொண்டை கிழியக் கத்தினேன்.

"தப்பு என்னோடதுதான்! என்னை மன்னிச்சுடுங்கோ!"

கீழ்ப்படியில் காலேஜ் பிள்ளைகள் திரும்பினார்கள். எல்லைக் கோட்டருகே நின்ற ஆட்டக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். யாரோ விசிலடித்தார்கள். இவருக்கு முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"மெதுவா, பங்கஜம். எல்லாரும் பாக்கறா, சிரிக்கறா" என்றார்.

சிரிக்கட்டும் என்று, இன்னொரு தரம் சொன்னேன்.