பதினோரு வரிசைத் தொட்டி

எங்கள் வீட்டில் தொட்டிக்குள் இறங்குகிறவன் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதா, தகர டப்பா மாதிரி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புளிக்கிற திராட்சை ஒரு வாயுவை விடும். கண்ணுக்குத் தெரியாது. கனமானது என்பதால் மேலே போகாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். நாலு மூச்சு அதை இழுத்தால் முழங்கால் மடிந்துவிடும். தாத்தாவின் தம்பி அப்படித்தான் விழுந்தார். அவரைத் தூக்கக் குதித்த இன்னொரு தம்பியும் ஏறி வரவில்லை. இருவர் பெயரையும் தாத்தா தொட்டியின் விளிம்பில் கத்தியால் செதுக்கி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டம். உள்ளே இருப்பவன் பாட்டை நிறுத்தக் கூடாது. வெளியே இருப்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கக் கூடாது.

'இயந்திரம் வைத்துக்கொள்ளலாமே' என்று எல்லோரும் கேட்பார்கள். மற்றத் தொட்டிகளுக்கு வைத்திருக்கிறோம். ஆனால் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பதினோரு வரிசைக் கொடிகள், கொள்ளுத் தாத்தா நட்டவை. அந்தப் பழத்தில் ஒரே ஒரு தொட்டிதான் நிரம்பும். வருஷத்துக்கு மூவாயிரம் பாட்டில். கொர்மெரே என்ற எங்கள் பெயரைச் சொன்னால் பாரிஸில் மரியாதை கிடைக்கிறதென்றால் அது அந்த ஒயினால்தான். மேலே மிதந்து கெட்டிப்படும் தோலையும் சக்கையையும் இரும்பு குத்தினால் விதை நசுங்கிக் கசந்துவிடும். காலால் மிதித்துத்தான் அமுக்க வேண்டும், எவ்வளவு அழுத்தலாம் என்று காலுக்குத் தெரியும். என் தம்பி எவ்ராரின் காலுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று அறுவடையின் கடைசி நாள். நல்ல குளிர். பறிப்பவர்கள் முற்றத்தில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எவ்ரார் அரைக்கால் சட்டையோடு ஏணியில் ஏறி நின்றான். நான் மெழுகுவத்தியைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தேன். வாயு தேங்கியிருந்தால் அணைந்துவிடும். ஆடாமல் எரிந்தது. அவன் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"இறுக்காதே அக்கா, நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டி இவ்வளவு பேசாது. இறங்குடா."

இறங்கினான். இடுப்பளவுக்குச் சக்கை. பாட ஆரம்பித்தான். உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவரைக் கிண்டல் செய்துதான் பாட வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். சிரிப்பும் கோபமும் வந்தால் காது தூங்காது என்பார் அப்பா.

"எங்க அக்கா ஒதில் வச்ச சூப்பு, நாய் மோந்து பாத்துட்டு எடுத்துச்சு ஓட்டம்!"

ஒதில் நான்தான். முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவன் அதைப் பாடினான்.

"திஜோன் ரயிலுக்கு டிக்கெட்டு வாங்கி, தப்பிச்சாரு அத்தான் மூச்சு வாங்கி!"

என் கணவர் அந்த வசந்தத்தில்தான் திஜோனில் ஒருத்தியோடு குடிபோயிருந்தார். ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் என் முகத்துக்கு நேரே பேசியதில்லை. முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கயிற்றைத் தூணில் தொளதொளவென்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய், தொட்டி அறையின் கதவை அறைந்து சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அவர்கள் காதில் இன்னொரு வரி விழக் கூடாது.

"வாயை மூடுடா! இனிமே ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரக் கூடாது!"

"சரி சரி. கோச்சுக்காதே. மூடிட்டேன்."

மூடிவிட்டான். சக்கையில் கால் அழுந்தும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய பலகையில் தொட்டியின் சூட்டைச் சாக்கட்டியால் எழுதினேன். எண் கோணலாக வந்தது, அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும், அதுவரை திரும்பிப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்போது அந்தக் கால் சத்தமும் நின்றது என்று எனக்குத் தெரியாது. அந்த அமைதி எனக்கு இனித்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பலகையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாத்திய கதவு. சாத்திய ஜன்னல். காற்றே இல்லை.

"எவ்ரார்?"

திரும்பித் தொட்டியருகே போனேன்.

"எவ்ரார், விளையாடாதே. பாடு. என்ன வேணா பாடு!"

ஏணியில் ஏறினேன். அவன் தலை மார்பில் தொங்கியது. தாடை சக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு அவன் மிதித்துக்கொண்டிருந்த பழத்தின் நிறத்தில் இருந்தது. குனிந்த என் மூக்கில் சுருக்கென்று ஒரு குத்து. பின்வாங்கினேன். என் கை விளிம்பில் இருந்த அந்த இரண்டு பெயர்களின் மேல் இருந்தது.

அந்த நேரத்து பயத்தை எப்படிச் சொல்வது? கை நீட்டினால் அவன் தலைமயிர் எட்டும். என் கால் தானாகவே விளிம்பின் மேல் ஏறிவிட்டது. உள்ளே குதிக்காமல் அந்தக் காலைத் திரும்பக் கீழே வைத்ததைவிடக் கடினமான காரியம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

கயிற்றை இழுத்தேன். நூறு கிலோ ஆள். தோளளவு மேலே வந்தான், அதற்கு மேல் அசையவில்லை. தாடை சக்கைக்கு மேலே இருக்கும்படி கயிற்றைத் தூணில் இறுக்கிக் கட்டினேன். கதவைத் திறந்து "மார்ஸ்லின்!" என்று கத்தினேன். எங்கள் சமையல்காரி அவள். முற்றத்தில் அவள் குரல்தான் எப்போதும் முதலில் கேட்கும்.

தொட்டியின் அடியில் ஒரு சிறு பலகைக் கதவு உண்டு. ஒயினை முழுக்க வடித்த பிறகு சக்கையை வாரி எடுக்கும் வழி. குறுக்கே ஒரு இரும்புக் கட்டை அதைப் பிடித்திருக்கும். நிறைந்த தொட்டியில் அந்தக் கட்டையை யாரும் தொட மாட்டார்கள். நான் சம்மட்டியை எடுத்தேன். முதல் அடியில் அசையவில்லை. இரண்டாவது அடி என் விரலில் பட்டது. மூன்றாவதில் கட்டை தெறித்தது.

பதினோரு வரிசையும் என் மேல் பாய்ந்தது. வெதுவெதுப்பாக, இடுப்புயரத்துக்கு. என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டி முற்றத்துக்கு ஓடியது. அதோடு அந்தப் பாழாய்ப்போன வாயுவும் வெளியேறியிருக்க வேண்டும். மார்ஸ்லின் அதில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, என்னம்மா இது! ஒயினெல்லாம்..."

"ஒயின் கிடக்கட்டும், கயிறைப் பிடி!"

ஜன்னலைத் திறந்துவிட்டு அவளும் நானும், பின்னால் ஓடி வந்த பறிப்பவர்கள் நாலு பேரும் இழுத்தோம். விளிம்பைத் தாண்டி, மூட்டை விழுவதுபோல என் மேல் விழுந்தான். மார்பை அழுத்தினேன். கன்னத்தில் அறைந்தேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். ஒன்றும் இல்லை. மார்ஸ்லின் சிலுவைக் குறி போட ஆரம்பித்தாள். "அதை நிறுத்து!" என்று அவளிடம் சீறினேன். மறுபடி ஊதினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

அப்புறம் இருமினான். வாந்தியெடுத்தான். கண்ணைத் திறந்து தரையைத்தான் முதலில் பார்த்தான்.

"இது... எந்தத் தொட்டி?"

"நீ கிடந்த தொட்டிதான்."

"முழுசுமா? பைத்தியமா அக்கா உனக்கு?"

அந்தத் திட்டைக் கேட்டு நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவே அவன் காதில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாடுடா. நிறுத்தாதே, பாடுடா."

"என்னத்தைப் பாட?"

"அதையேதான். அத்தான் பாட்டு."

அத்தனை பேர் முன்னால், செத்த குரலில் பாடினான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷத்துப் பதினோரு வரிசை ஒயின் எங்கள் நிலவறையில் கிடையாது. அந்த அடுக்கு காலியாகவே இருக்கிறது. வாங்குபவர்கள் கேட்டால் ஆலங்கட்டி மழை என்று சொல்லிவிடுகிறோம்.

எவ்ரார் இப்போதும் இறங்குகிறான். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும், ஊரே கேட்கலாம். கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருக்கும். "திஜோன் ரயிலுக்கு டிக்கெட்டு வாங்கி" என்று பாடிவிட்டு அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பான். அந்த ஒரு நொடி முழுக்க, நானும் மூச்சு விடாமல் நிற்பேன்.