செபமாலையின் பின்பாதி

நூல் அறுந்ததும் றொசலின், "யா அல்லாஹ்" என்றாள். கழுத்தில் குருசு, வாயில் அல்லாஹ்! தன்னாமுனையிலிருந்து தினமும் பஸ் ஏறி ஏறாவூருக்கு, என் கடையில் அபாயா தைக்க வருகிறவள். லெபனானில் ஒரு கிழவியைப் பராமரித்துவிட்டுத் திரும்பியவள். ஊசி குத்தினாலும், கரண்ட் போனாலும், பஸ் பிந்தினாலும் அவளுக்கு அந்த ஒரு சொல்தான். நானோ, இவளுக்கு அல்லாஹ் நேர்வழி காட்டிவிட்டான் என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அவள் தலைக்குப் போட நல்ல மண்ணிறத்தில் ஒரு ஷோல் கூட வாங்கி அலுமாரியில் ஒளித்து வைத்துவிட்டேன். என் அவசரம் ஊருக்கே தெரியும்.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"றொசலின், நீ எங்கட பக்கம் வாறியாகா?"

மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"என்ட லெபனான் மேடமும் என்னப்போல வேதக்காறிதான் நிஸ்றா. அங்க கோயில்ல பாதரும் அல்லாஹ் எண்டுதான் பூச வைக்கிறார். கடவுளுக்கு அவங்களுக்கிட்ட வேற சொல்லில்லகா."

எங்கள் வீட்டுச் சாமானை யாரோ கேட்காமல் எடுத்துப் பாவித்ததுபோல எனக்குச் சுறுக்கென்றது. பகல் சோற்றுக்கு வந்த என் மனிசனிடம் முறையிட்டேன். இஷாம் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறவர்.

"நபி நாயகத்துட வாப்பாட பேரு என்ன?" என்று கேட்டார். "அப்துல்லாஹ். அல்லாஹ்ட அடிமை எண்டு அருத்தம். நபிக்கு அல்லாஹ்ட வஹி இறங்குறதுக்கு எவ்வளவு முந்தி வெச்ச பேரு! அறபு பேசுற கிறிஸ்தவனும் யூதனும் கடவுள அப்பிடித்தான் கூப்பிடுறான். காணிக்கி மாதிரி சொல்லுக்கும் நீ உன்ட பேருல உறுதி முடிச்சு வெச்சிருக்கியா?"

மறுநாள் அந்த ஷோலை நானே போட்டுக்கொண்டேன்.

சில கிழமை கழித்து றொசலின் வீங்கிய முகத்தோடு வந்தாள். மேடத்துக்கு மறதி நோய் முற்றிவிட்டதாம். பெற்ற மகளையே தெரியவில்லையாம், சாப்பாடும் இறங்குவதில்லையாம். மகள் மத்தியானம் வீடியோவில் எடுக்கிறேன் என்றிருக்கிறாள்.

"என்னயும் மறந்திருப்பாவா நிஸ்றா? குளிப்பாட்டி, சீப்பால தல இழுத்து, அவவுட கட்டிலுக்குக் கீழதானே படுத்தனான். கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா என்னத் தெரிஞ்சாப் போதும்."

மத்தியானம் அழைப்பு வந்ததும் போனை நான் வாங்கிப் பிடித்தேன். திரையில் ஒரு சுருங்கிய முகம், எங்கோ சுவரைப் பார்த்தபடி. "மேடம், நான் றோஸ்" என்று றொசலின் அறபில் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. மகளும் பக்கத்திலிருந்து கெஞ்சிப் பார்த்தாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மறந்திட்டாகா" என்று றொசலின் விம்மினாள். எனக்கு அந்த மனுசியின் மீது பொல்லாத கோபம் வந்தது.

"படுக்கக்குள்ள நாங்க செபமால சொல்லுறனாங்க" என்றாள் திடீரென்று. "முன்பாதி நான், பின்பாதி அவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்காலில் நின்று, அறபில் தொடங்கினாள். முன்பாதி முடிந்ததும் நிறுத்தினாள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் சொல்லி நிறுத்தினாள். சத்தமில்லை. இன்னொரு தரம் சொன்னாள். அவள் விட்ட இடத்தில் ஓர் உடைந்த குரல் பிடித்துக்கொண்டது.

"யா கித்தீஸா மர்யம், யா வாலிதத்தல்லாஹ்..."

ஓதிப் படித்த காது என்னுடையது. வாலிதா என்றால் தாய். மர்யம் அல்லாஹ்வுக்குத் தாயா! அஸ்தஃபிருல்லாஹ். அவனுக்குத் தாயுமில்லை, பிள்ளையுமில்லை என்று பால்குடி மறந்த நாளிலிருந்து படித்து வளர்ந்தவள் நான். போன் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது.

றொசலின் என்னைப் பார்க்கவேயில்லை. முன்பாதியைச் சொன்னாள். கிழவி பின்பாதியைச் சொன்னாள், இந்தமுறை கொஞ்சம் உரக்க. அந்தக் கண்கள் சுவரை விட்டு மெல்லத் திரும்பி, எதையோ தேடின. என் கை இறங்கியிருந்ததால், திரையின் மூலையிலிருந்த சின்னப் படத்தில் றொசலினின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, போனை அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன்.