கதவு வைத்த இருக்கை

மலையூரான கட்டபெட்டில் நல்லசாமியிடம் உருளைக்கிழங்கு விற்றுவிட்டுப் போகிறவன், வீட்டுக்குப் போனதும் கைவிரல் பத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்று மதியம் தன் கிடங்கில், கேரட் மூட்டைமேல் உட்கார்ந்து, விமானத்தில் எந்த இருக்கையில் கால் நீட்டலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் துக்கம் கேட்க வந்த சனம். மகள் சசிரேகா டொராண்டோவில் அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாம். கல்யாணம் ஆகாதவள், அங்கே அவளுக்கென்று யாருமில்லை. மே மாதம் அவளைப் போய்ப் பார்ப்பதற்கென்று நல்லசாமியும் மனைவி பாலாமணியும் வாங்கிய விசா பீரோவில் இருந்தது. இப்போது அதே விசாவில் போய் அவளைக் கொண்டுவர வேண்டும். போக வர பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எங்கள் செலவு, எந்த விமானம் என்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று அவள் கம்பெனி சொல்லியிருந்தது.

குன்னூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெர்சன், சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கடைசியில் எடை மிஷின்மேல் லேப்டாப்பை வைத்திருந்தான்.

“போறதுக்கு எது வேணா போலாங்கண்ணா. லண்டன்ல இருந்து நம்மூருக்கு வர்றதுலயும் பிரச்சினை இல்லை, எல்லாத்துலயும் படுக்கைதான். டொராண்டோவுல இருந்து லண்டன், அந்த அட்லாண்டிக் தாண்டற பிளைட்டைத்தான் நீங்க முடிவு பண்ணோணும். மூணு இருக்குங்க. முதல்ல இருக்கறது சீட்டுக்கே கதவு வெச்சது. சாத்திட்டா தனி ரூம்.”

“கதவா?” என்றார் பாலாமணியின் அண்ணன் சுப்பண்ணன். மேட்டுப்பாளையம் மண்டியில் கடை போட்டிருக்கிறவர். “அப்பறம் என்ன மாப்ள, கதவு வெச்சதையே போடச் சொல்லுங்க. நம்மூர்ல லாட்ஜுக்கே தாப்பாள் நிக்கறதில்லை.”

“படுத்தா கால் இடிக்குமா?” என்று கேட்டார் நல்லசாமி.

“இடிக்காதுங்க.”

“மெத்தை தனியா தருவானா, சீட்டுமேலயேவா?”

“தனியா தருவானுங்க.”

பல் பிடுங்கப் போட்ட ஊசி கன்னத்தோடு நிற்காமல் உடம்பெல்லாம் இறங்கியதுபோல அவருக்கு மரத்துக் கிடந்தது. சேதி வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வாய் மட்டும் தன்பாட்டுக்கு விசாரித்தது. நல்ல வியாபாரியின் வாய்க்கு முதலாளி தேவையில்லை.

அவர் கேட்க நினைத்தது ஒன்றுதான். திரும்பி வரும்போது சசிரேகாவும் அதே விமானத்தில் வருவாளா? அதைக் கேட்டால் வரப்போகிற பதில் பயமாக இருந்தது. பாலாமணிக்குப் போன வருஷம் முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகித் தகடு வைத்திருக்கிறது. சேர்ந்தாற்போல உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கால் இழுத்துக்கொள்ளும். கம்பெனி பிசினஸ் கிளாஸ் கொடுத்ததே அதற்காகத்தான். படுக்கை ஒரு விமானத்திலும் மகள் ஒரு விமானத்திலும் என்றாகிவிட்டால் என்ன செய்வது?

ரெண்டாவது விமானத்தின் தலையணை வரைக்கும் விசாரித்துவிட்டு, வேறு கேள்வி அகப்படாமல், மகளைப் பற்றிக் கேட்டேவிட்டார்.

ஜெர்சன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பனி அவன் தலையை மறைத்து, காலை மட்டும் காட்டியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

“முதல் ரெண்டுலயும் பொட்டியை ஏத்த மாட்டாங்களாங்கண்ணா. கார்கோவா வேற பிளைட்ல மறுநாள் வரும். மூணாவதுல ஏத்துவாங்க, லண்டன்ல இருந்தும் கூடவே வரும். ஆனா அது பழைய பிளேன். சீட்டு படுக்கையா விரியாது, சரிவா நிக்கும். ராத்திரி பூரா வழுக்கி வழுக்கி இறங்கி, மறுபடி ஏறி உக்காரோணும்.”

கார்கோ என்ற வார்த்தையை நல்லசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அது எடை மிஷின்மேல் கிடப்பதுபோல.

“அட, பொட்டி அதுபாட்டுக்கு வந்துரும் மாப்ள,” என்றார் சுப்பண்ணன். “கம்பெனிக்காரன் பொறுப்பு. தங்கச்சி முதுகைப் பாருங்க.”

“ஏனுங்க மச்சான், மேட்டுப்பாளையத்துக்கு லோடு ஏத்துனா நம்ம ஆள் ஏறாம வண்டியை எடுக்க உடுவனா நானு?”

மலைச்சரக்கு ஏற்றுகிற யாரும் விட மாட்டார்கள். டிரைவர் பக்கத்தில் சரக்குக்காரரின் ஆள் ஒருவர் உட்கார்ந்து, மண்டியில் கடைசி மூட்டை இறங்கும்வரை கூடவே நிற்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் கயிற்றை இழுத்துப் பார்க்கிற வேலை அது.

“அது காரட்டுங்க மாப்ள.”

“காரட்டுக்கே ஏறறமுங்க.”

சுப்பண்ணன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

நல்லசாமி குரலை இறக்கினார். “தம்பி, ஒண்ணு பண்ணு. பாலாவுக்குக் கதவு வெச்சதுல போட்டுரு. எனக்கு மூணாவதுல போடு. நான் பொட்டியோட வர்றேன். அவகிட்ட இப்ப மூச்சு உடாத. டொராண்டோ போய்ச் சொல்லிக்கலாம்.”

“அக்கா தனியா எப்படிங்கண்ணா? இங்கிலீஷ்...”

“யாரு தனியா?”

கிடங்குக் கதவைப் பிடித்தபடி பாலாமணி நின்றிருந்தார். இடுப்பில் பெல்ட், அதன்மேல் ஸ்வெட்டர். உள்ளே அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கேன் சொல்ல வந்தவர். அவரும் இன்னும் அழவில்லை.

“ஒண்ணுமில்ல. சீட்டு பாக்கறோம்.”

“கேட்டுட்டுத்தானுங்க நிக்கறேன். கெழங்கு ரகம் பிரிக்கற மாதிரி என்னைய ஒரு பக்கம், அவளை ஒரு பக்கம் பிரிக்கறீங்களா? வியாபாரத்தை என்கிட்டயே காட்டறீங்க.”

“உனக்கு முதுகு தாங்காது பாலா. அந்த சீட்டு விரியாதாம்.”

“விரியாட்டிப் போச்சாது.” அவர் குரல் மளிகைக்குச் சொல்வதுபோல இருந்தது. “அவ படுத்துட்டு வர்றா. நான் உக்காந்துட்டு வர மாட்டனா?”

உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் ஏறி, இறங்கி, நின்றது.

“போடு தம்பி,” என்றார் நல்லசாமி. “ரெண்டு பேருக்கும் மூணாவது.”

ஜெர்சன் தட்டினான். பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. சாப்பாடு என்னவென்று கேட்டான். சைவம் என்றார் பாலாமணி. காரியம் முடியாமல் வேறெதுவும் கூடாதே என்று சுப்பண்ணனும் ஆமோதித்தார். பெரிய முடிவில் தோற்றவருக்குச் சின்ன முடிவிலாவது பங்கு வேண்டியிருந்தது.

“பொட்டியைக் கீழ எந்தப் பக்கம் வெப்பாங்க தம்பி?” என்று நல்லசாமி கேட்டார். “நம்ம சீட்டுக்கு அடியிலயா, பின்னாடியா?”

“அது சொல்ல மாட்டாங்கண்ணா. ஏத்தறப்பத்தான் தெரியும்.”

“அப்ப ஏத்தறதைப் பாக்கற மாதிரி ஜன்னல் ஒண்ணு போடு.”

“ரெக்கைக்கு முன்னாடி ஒரு ஜன்னல் இருக்குங்க. ஆனா அந்தப் பக்கமா ஏத்துவாங்களான்னு தெரியாதுங்க.”

நல்லசாமி மனைவியைப் பார்த்தார்.

“போடுங்க,” என்றார் பாலாமணி. “தெரிஞ்சா பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு, மூட்டைகளில் கையை ஊன்றி ஊன்றி, தண்ணீர் கேன் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனார்.